டிபன் பாக்ஸில் வந்த இலைகள்

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு கஞ்சா இலை. ஓரமெல்லாம் துருப்பிடித்த மாதிரிப் பழுப்பு, நடுவில் மிளகைச் சிதறவிட்டாற்போல் புள்ளிகள். கீழே ஒரே வரி: "சார், இது என்ன டெஃபிஷியன்சி?" பதிலுக்கு நான் பதினான்கு கேள்விகள் அனுப்பினேன். ஏழாவதோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க கெஸ் மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்று எழுதினாள். கெஸ்ஸுக்கு நான் எதற்கு? கிளி ஜோசியரிடம் போனால் கிளியே நடந்து வந்து சீட்டு எடுத்துக் கொடுத்துவிடுமே.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, காபி குடித்ததும் போய்விட்டது. ஆனால் கிழவர் ஏன் இப்படிக் கேள்வியாகக் கேட்டு உயிரை வாங்குகிறார் என்று உங்களில் பலர் முணுமுணுப்பது என் காதுக்கு வராமல் இல்லை. அதனால் ஒரு தடவை நான் கேட்காமல் விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். தொழில் வட்டத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய கதையாகவும் அது அப்போது இல்லை.

நீங்கள் கஞ்சா வளர்க்க வாங்கிய லைசென்ஸைச் சுவரில் மாட்டிய கூடங்களில் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு, அது குடித்த தண்ணீருக்குக்கூடக் கணக்கு உண்டு. நான் சொல்வது எண்பதுகளின் நடுப்பகுதி. அதே செடியை வீட்டுக்குள் வளர்த்தால் வாசலில் போலீஸ் கார் வந்து நிற்கும் காலம். வளர்த்தவர்கள் அதற்கு நோய் வந்தால் எங்கே போவார்கள் என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

கலிபோர்னியாவில் டப்ளின் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். மண், தண்ணீர், இலை, எது வந்தாலும் பார்த்துச் சொல்வோம். திராட்சைத் தோட்டக்காரர்கள் வருவார்கள், கண்ணாடி வீட்டில் ரோஜா வளர்க்கிறவர்கள் வருவார்கள். கோயமுத்தூரில் விவசாயம் படித்துவிட்டு, இங்கே வந்து பயிர் நோய்களில் பட்டம் வாங்கிய எனக்கு அதுதான் முதல் வேலை.

அந்த நாட்களை நினைத்தால் முகங்களுக்கு முன்னால் வெளிச்சம்தான் ஞாபகம் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே காய்ந்த புல் மூடிய மஞ்சள் குன்றுகள். காலையில் மேற்கிலிருந்து மூடுபனி பால் பொங்கி வழிகிற மாதிரி அந்தக் குன்றுகளின் மேல் இறங்கும். பத்து மணிக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். உள்ளே மைக்ரோஸ்கோப்பின் சின்ன விளக்கு. குனிந்து கண்ணை வைத்தால் இலை ஒரு ஊராகிவிடும். நரம்புகளெல்லாம் தெருக்கள். நான் பாட்டுக்கு அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருப்பேன். யாராவது தோளைத் தொட்டால்தான் அமெரிக்காவுக்குத் திரும்புவேன். "எங்க வீட்டுக்காரர் சொப்பனம் கண்டு சம்பளம் வாங்கறவர்" என்று என் மனைவி நண்பர்களிடம் சொல்வாள். அது பாராட்டு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொப்பனத்தில் ஒரு வசதி உண்டு. இலையோடு மட்டும் பேசினால் போதும், அதைக் கொண்டுவந்த ஆளோடு பேச வேண்டாம். இலை பொய் சொல்லாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இலை உண்மையிலேயே பொய் சொல்லாதுதான். ஆனால் பாதிதான் சொல்லும். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

கூடத்தின் முதலாளி வெள்ளைக்காரர். நல்ல மனிதர், நேர்க்கோடு மாதிரி ஆள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, கஞ்சா இலை ஏதாவது வந்தால் தொடாமல் தன்னிடம் கொண்டுவர வேண்டும், தான் ஷெரீஃப் ஆபீசுக்கு போன் செய்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஒரு தடவை அப்படிச் செய்தும் இருந்தார். என் கிரீன் கார்டு மனு அவருடைய கையெழுத்தில்தான் போயிருந்தது. மகளுக்கு நாலு வயது. நான் அவர் சொன்ன எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தேன்.

ஒரு நாள் காலையில், பனி இன்னும் முழுக்க விலகாத நேரம், கவுண்டரில் ஒரு அம்மா வந்து நின்றார். நாற்பத்தெட்டு, ஐம்பது வயது இருக்கும். பருத்திப் புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற கோட்டு. என் சட்டையில் இருந்த பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டு முகம் மலர்ந்து, "நீங்க தமிழா? அப்பாடா" என்றார். கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். உள்ளே ஈரக் காகிதத்தில் சுற்றிய இலைத்துண்டுகள். துண்டுகள்தான், முழு இலை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றின் ஓரத்தையும் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தார், பீன்ஸ் நறுக்குகிற மாதிரி அத்தனை ஒழுங்காக. பழுப்பு தெரிய வேண்டும் என்று மட்டும் அங்கங்கே கொஞ்சம் ஓரம் விட்டிருந்தார்.

"புளிச்சகீரை சார். வீட்டுக்குள்ள வெச்சிருக்கேன். புள்ளி புள்ளியா வருது, ஓரமெல்லாம் கருகுது. என்னன்னு பாத்து சொல்லுங்க."

கெட்டிக்காரப் பொய். புளிச்சகீரையின் இலை கிட்டத்தட்ட கஞ்சா இலை மாதிரிதான் இருக்கும். ஆனால் புளிச்சகீரை வெண்டைக்காய் வகையறா, கசக்கினால் விரலில் வழவழக்கும். இது வழவழக்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் இலையின் மேல்புறத்தில் பூனை நகம் மாதிரி வளைந்த சின்னச் சின்ன ரோமங்கள் தெரிந்தன. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. 

முதலாளியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கவுண்டரில் அந்த அம்மா கோட்டின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். இவர் விற்கிறவர் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் எல்லாம் தொண்டைவரை வந்தன. எங்கே வைத்திருக்கிறீர்கள், என்ன விளக்கு, என்ன தண்ணீர், வேறு என்ன ஊற்றுகிறீர்கள். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று வரும், கடைசியில் நான் தெரிந்துகொள்ள விரும்பாதது வெளியே வந்துவிடும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். என் மடியில் கனமே இல்லை, இருந்தும் பயந்தேன்.

அதனால் இலையோடு மட்டும் பேசினேன். பூஞ்சணம் இல்லை. பூச்சி இல்லை. பழைய இலைகளில் ஓரக் கருகல், உள்ளே பழுப்புப் புள்ளி. புத்தகத்தில் இருக்கிற சாம்பல் சத்துக் குறைவு, அதாவது பொட்டாசியக் குறைவு, இதுவேதான் என்று எனக்குத் தோன்றியது. சீட்டில் பயிர் என்ற இடத்தில் 'கீரை' என்று எழுதினேன். சாம்பல் சத்து அதிகமுள்ள ஒரு திரவ உரத்தின் பெயரையும், வாரத்துக்கு இரண்டு தடவை என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பெரிய தருமம் செய்துவிட்ட மாதிரி அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். ஒரு மனுஷியைக் காப்பாற்றினேன், என்னையும் காப்பாற்றிக்கொண்டேன், செடியையும் காப்பாற்றினேன். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். அன்றைக்கு முதலாளி கவுண்டரில் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஏதோ பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் திறந்தது. இலைத்துண்டுகளில் பாதிக்கு மேல் காய்ந்த பழுப்பு. ஓரத்தை நறுக்கக்கூட அவருக்குப் பொறுமை இருந்திருக்கவில்லை. இரண்டு துண்டுகளில் கஞ்சா இலையின் ரம்பப் பல் அப்படியே தெரிந்தது.

அவர் சிரித்த முகத்தோடு, முதலாளிக்கு ஒரு குட் மார்னிங் சொல்லிவிட்டு, அதே சிரிப்போடு என்னிடம் தமிழில் பேச ஆரம்பித்தார்.

"சார், இது புளிச்சகீரை இல்ல."

"தெரியும்மா."

"எப்போலேர்ந்து?"

"மொத நாளே தெரியும்."

சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "தெரிஞ்சும் ஒண்ணும் கேக்காமயா மருந்து எழுதிக் குடுத்தீங்க?"

 முதலாளிக்குச் சந்தேகம் வராதபடி, காய்கறி விலை பேசுகிற குரலிலேயே அவர் சொல்லிக்கொண்டே போனார். "என் ஹஸ்பெண்டுக்கு கேன்சர் சார். கீமோ போகுது. எது குடுத்தாலும் வாந்தி. அவரோட ஆபீஸ்ல ஒரு வெள்ளைக்காரர், அவர் தம்பிக்கும் இதே வியாதியாம், இந்தச் செடியாலதான் சாப்பிட முடிஞ்சுதுன்னு சொல்லி ஒரு செடியும் ஒரு லைட்டும் கொண்டுவந்து குடுத்தார். பூதான் மருந்து, இப்ப பூ வர நேரம்னார். இன்னும் மூணு வாரத்துல அடுத்த ரவுண்ட். இதுக்கு மேல வெயிட் குறைஞ்சா ட்ரீட்மென்ட்ட நிறுத்திடுவோம்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க சொன்ன மருந்த ஊத்தினதுக்கு அப்புறம்தான் சார் இன்னும் வேகமா கருகுது."

இப்போது இருக்கிற வாந்தி மாத்திரைகள் அப்போது கிடையாது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலாளி நிமிர்ந்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"இவருடைய கீரை செத்துக்கொண்டிருக்கிறதாம்" என்றேன் ஆங்கிலத்தில்.

"என்ன கீரை?" என்று அவர் கையை நீட்டி, ரம்பப் பல் தெரிகிற துண்டை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.  அந்த அம்மா அவருக்கு முந்தி அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். இன்னொன்றையும் போட்டுக்கொண்டார். "வெரி குட், சார். வித் தால்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, நன்றாக விழுங்கியும் காட்டினார். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். தன் மனைவிக்குக் கீரை என்றாலே ஆகாது என்று சொல்லிக்கொண்டே பட்டியலோடு உள்ளே போய்விட்டார்.

 அந்த அம்மாவுக்குக் கசப்பில் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. கசப்பினால் மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சீட்டில் வீட்டு விலாசத்தை எழுதி என் பக்கம் நகர்த்தினார். சரோஜா என்று பெயர் போட்டிருந்தது. "வருவீங்களான்னு கேக்கல. அட்ரஸ் மட்டும் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். "உங்களுக்கு என்ன பைத்தியமா? பேப்பர்ஸ் இன்னும் கைக்கு வரல. போலீஸ் அங்க வந்துச்சுன்னா நம்ம மூணு பேரும் அடுத்த ஃப்ளைட்ல ஊருக்குப் போகணும்" என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறைக்குப் போய் ஏதோ பாத்திரத்தை உருட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அவங்க ஊத்தினது நீங்க எழுதிக் குடுத்ததத்தானே?"

"ஆமாம்."

"அப்ப போய்த்தான் ஆகணும். நானும் வரேன். புருஷன் பொண்டாட்டியா போனா விருந்தாளி. நீங்க மட்டும் பையைத் தூக்கிட்டுப் போனா பாக்கறவங்களுக்கு சந்தேகம் வரும்."

சனிக்கிழமை முற்பகல் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். ஃப்ரீவேயில் எதிரே வந்த ஒவ்வொரு காரும் எங்களையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. சரோஜா அக்காவின் வீடு ஒரு சின்ன வளைவுத் தெருவின் கடைசியில் இருந்தது. கதவு திறந்ததும் சாம்பிராணி வாசனை முகத்தில் அடித்தது. திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருந்தன. அந்தப் பழுப்பு வெளிச்சத்தில் சோபாவில் கம்பளிக் குல்லாவோடு ஒருவர் சாய்ந்திருந்தார். அவர்தான் அக்காவின் கணவர், சண்முகம் சார். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் சர்க்யூட் போர்டுகளில் பழுது கண்டுபிடிக்கிற என்ஜினீயர். "வாங்க, வாங்க. செடி டாக்டர் வந்தாச்சு. எனக்கு டாக்டர் ஏழு பேர், அதுக்கு ஒருத்தர்தான்" என்றார். குரல் ரொம்ப மெலிந்திருந்தது.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் கோட்டு மாட்டுகிற குளோசெட், கதவு வைத்த அலமாரி மாதிரி ஒரு சின்ன அறை. அக்கா கதவை இழுத்ததும் உள்ளேயிருந்து வெள்ளை வெளிச்சம் கார்ப்பெட்டில் விழுந்தது. சுவர் முழுக்கச் சமையல் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தார்கள். நடுவில், ஒரு கோலப்பொடி டப்பாவுக்கும் மூன்று ஜோடி பூட்ஸுக்கும் இடையில், அந்தச் செடி நின்றது. கீழே பாதி இலைகள் கருகித் தொங்கின. மேலே, உச்சியில் மட்டும் இன்னும் பச்சை, மொட்டு வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. விளக்கு மெதுவாக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. வெளியே இருக்கிற சட்டம், ஷெரீஃப், மனு எல்லாம் ஏதோ தூரத்து ஊரில் இருப்பது மாதிரி ஒரு மயக்கம் எனக்கு வந்தது. அந்த வெளிச்சத்துக்கு அப்படி ஒரு குணம் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை அப்போது கேட்டேன். குழாய்த் தண்ணீர்தான். வாரத்துக்கு இரண்டு தடவை நான் எழுதிய உரம். விளக்கு இத்தனை மணி நேரம். "வேற ஏதாவது ஊத்தறீங்களா?"

"வேற ஒண்ணுமே இல்ல சார். சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. குனிந்தால் சாம்பிராணிக்கு அடியில் ஒரு புளிப்பு வாடை. விரலால் கொஞ்சம் மண்ணைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தேன். என் மனைவி முகத்தைச் சுளித்தாள். உப்பு. கடலோர மண் மாதிரி உப்பு. இந்த வீட்டுக்குள் எங்கேயிருந்து இவ்வளவு உப்பு வந்தது என்று எனக்குப் புரியவில்லை. உரத்திலும் உப்புத்தன்மை உண்டுதான், ஆனால் இந்த அளவுக்கு அது காரணமில்லை.

புரியாமல் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தோம். அக்கா எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, கணவருக்கு ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்தார். உப்பும் பெருங்காயமும் போட்டுக் கடைந்த மோர். "ரெண்டு வாய் குடிங்க." அவர் இரண்டு வாய் குடித்தார். மூன்றாவதுக்குத் தலையைத் திருப்பிக்கொண்டார்.  அக்கா பழகிப்போன கையோடு டம்ளரை வாங்கினார், எங்களோடு பேசிக்கொண்டே எழுந்தார், குளோசெட் கதவைத் திறந்தார், தொட்டிக்கு மேல் டம்ளரைச் சாய்க்கப் போனார்.

"அக்கா!" என்று நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம்.

அவர் திடுக்கிட்டு நின்றார். "என்ன?"

"அதுல என்ன ஊத்தறீங்க?"

"மோர் மிச்சம் சார். ரச மிச்சமும் ஊத்துவேன். சாப்பிடற பொருள சிங்க்ல கொட்ட மனசு வரல. கால் படாத எடத்துலதானே கொட்டணும்? ஊர்ல வாழக் கொல்ல இருந்துச்சு. இங்க எங்க போறது? இந்த ஒரு தொட்டிதான் இருக்கு."

எத்தனை தடவை என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தடவை கொடுத்துப் பார்ப்பாராம். எல்லாமே மிச்சம்தான். நான் 'வேறு என்ன' என்று கேட்டபோது அது அவர் நினைவுக்கே வரவில்லை. அது அவருக்கு உரம் இல்லை, தண்ணீரும் இல்லை. கணவரின் மிச்சம், அவ்வளவுதான். அவர் எத்தனைக்கெத்தனை சாப்பிட முடியாமல் போனாரோ, அத்தனைக்கத்தனை உப்பு அந்த வேரில் இறங்கியிருந்தது. உப்பினால் வருகிற ஓரக் கருகலும் சாம்பல் சத்துக் குறைவும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அதற்கு மேல் நான் வாரம் இரண்டு தடவை இன்னும் கொஞ்சம் உப்பை ஊற்றச் சொல்லியிருந்தேன்.

சோபாவிலிருந்து சண்முகம் சார் மெதுவாகச் சொன்னார்: "அப்ப நான் குடிக்காததெல்லாம் அது குடிச்சிருக்கு."

அக்கா அப்படியே கதவில் சாய்ந்து அழுதுவிட்டார். என் மனைவி போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் தெரிந்ததைச் செய்தேன். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியல் தொட்டியில் வைத்தேன். மண்ணைக் கழுவி உப்பை வெளியேற்ற வேண்டும், நிறைய தண்ணீர் விட வேண்டும். சண்முகம் சார் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். டாய்லெட் மூடியின் மேல் உட்கார்ந்து, "ஷவர என்கிட்ட குடுங்க. உக்காந்து பண்ற வேலைதானே" என்றார்.

அவர் பிடித்துக்கொண்டார். தண்ணீர் தொட்டியின் அடியிலிருந்து முதலில் பால் கலந்த சேறாக வந்தது. அப்புறம் டீ நிறம். அந்தச் சின்ன அறையில் ஆவி மாதிரி ஈரம் சேர்ந்தது. கண்ணாடி மங்கிவிட்டது. தண்ணீர் விழுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பேச வாய் வந்தது.

"சார், நான் எழுதிக் குடுத்த மருந்து தப்பு. அது இன்னும் மோசமாக்கிடுச்சு. தெரியாம செஞ்ச தப்பு இல்ல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கிரீன் கார்ட நெனச்சு பயந்துட்டு கேக்காம விட்டுட்டேன். ரெண்டு வாரம் போச்சு."

அவர் ஷவரை நகர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நாங்க ஒரு போர்டு பழுதானா மொதல்ல இன்புட் என்ன, உள்ள என்ன போகுதுன்னுதான் பாப்போம்" என்றார். ஷவரை இன்னொரு பக்கம் திருப்பிக்கொண்டே, "பயம் எனக்கும் இருக்கு. ஆனா நீங்க வந்துட்டீங்களே" என்றார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

தண்ணீர் தெளிவாக வர ஆரம்பித்ததும் நிறுத்தினோம். கருகின இலை இனிமேல் பச்சையாகாது, அதைப் பார்த்து மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ள வேண்டாம், உச்சியில் வருகிற புது இலையை மட்டும் பாருங்கள் என்று சொன்னேன். இந்தப் பாடம் உங்களுக்கும் சேர்த்துத்தான். கிளம்பலாம் என்று திரும்பியபோது அக்கா குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே டம்ளர், முக்கால்வாசி மோரோடு. இவ்வளவு நேரமும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இப்ப இத எங்க சார் ஊத்தறது?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி, நிஜமாகவே தெரியாமல்.

 சண்முகம் சார் கையை நீட்டினார். "இங்க குடு."

குடித்தார். ஒரு வாய், நிறுத்தல். கண்ணை மூடிக்கொண்டு மூச்சு. இன்னொரு வாய். அக்கா அவர் வாந்திக்கு வைத்திருந்த வாளியைக் காலால் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். உலகத்தில் வேறு எந்த வேலையும் இல்லாத மாதிரி ஒரு மனிதர் மோர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டம்ளர் காலியாக எத்தனை நேரம் ஆயிற்றோ தெரியாது. கடைசியில் அதைக் கவிழ்த்துக் காட்டினார்.

இனி மிச்சத்தை என்ன சொல்வது. மூன்றாவது வாரம் கூடத்துக்கு போன் வந்தது. சரோஜா அக்கா. எடுத்ததும் அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல்.

"சார், வெயிட் குறையல. அப்படியே இருக்கு. நாளைக்கு ட்ரீட்மென்ட் குடுக்கறேன்னுட்டாங்க."

 செடி நன்றாக இருக்கிறதா, பூ வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"பூவா? இல்ல சார். மொட்டெல்லாம் உதுந்துபோச்சு. மேல புதுசா நாலு இலை வந்திருக்கு, புள்ளி இல்லாம. அவ்வளவுதான்."

அந்த மொட்டுகள் உதிர்ந்ததில் என் இரண்டு வாரத்துக்கும் பங்கு உண்டு. அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. அந்தச் செடியிலிருந்து அவருக்கு ஒரு சிட்டிகை மருந்துகூடக் கிடைக்கவில்லை.

"அப்புறம் எப்படிக்கா வெயிட் நின்னுது?" என்றேன்.

"மிச்சம் வைக்கறதே இல்ல சார் இப்பல்லாம். வாந்தி எடுத்துட்டு வந்து வாயக் கழுவிட்டு மறுபடி டம்ளரக் கேக்கறார். பாதி வெளிய வந்தாலும் பாதி உள்ள நிக்குதே, அது போதும்னு டாக்டரும் சொல்றார். ஏங்க இப்படி கஷ்டப்படறீங்கன்னு நேத்து கேட்டுட்டேன். நான் மிச்சம் வெச்சா நீ அதக் கொண்டுபோய் எங்கடி ஊத்துவேன்னு கேக்கறார் சார்."

போனை வைத்தேன். மேஜையில் அன்றைக்கு வந்த இலைகள் வரிசையாக இருந்தன. மைக்ரோஸ்கோப்பின் விளக்கைப் போடாமல் எழுந்து கவுண்டருக்குப் போனேன். அங்கே யாரோ ஒரு பெரியவர் ஒரு ரோஜா இலையோடு காத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.